பிளேட்டை எடுத்த பிறகு சின்ன நாயின் கால் மறுபடி உடையுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபடும். இரண்டரை வயது பொமரேனியன், எடை 2.4 கிலோ. பத்து மாதம் முன்பு சோபாவிலிருந்து குதித்ததில் இடது முன்னங்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடைந்தது. எலும்பை இணைத்துப் பிடிக்க உலோகப் பிளேட் வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று ஒன்பது நாள் முன்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நாய் நன்றாக நடக்கிறது. ஆனால் எக்ஸ்ரேயில் ஆறு ஓட்டைகள் தெரிகின்றன, பிளேட் இருந்த இடத்தில் எலும்பு மெலிந்தும் தெரிகிறது. எலும்பு பழைய பலத்தில் இருக்கிறதா, எப்போது ஓடவிடலாம், கால்சியம் கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "எடுக்கச் சொல்லிக் கேட்டதே நான்தான், தப்பு செய்துவிட்டேனா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால் மறுபடி உடைந்துவிடுமோ, உடைந்தால் அதற்கு நான் காரணமாகிவிடுவேனோ என்கிற பயம்தான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் கால்நடை அறுவை சிகிச்சை படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக நாய், பூனைகளின் எலும்பு முறிவுகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் நாயின் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. அதனால் அந்தக் காலைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது, இப்படிப்பட்ட கால்களில் என்ன நடக்கும் என்றுதான் சொல்ல முடியும். நேராகவே சொல்கிறேன். இன்றைய தேதியில் அந்த எலும்பு உடைவதற்கு முன்பிருந்த பலத்தில் இல்லை. போன மாதம் பிளேட்டோடு சேர்ந்து இருந்த பலத்திலும் இல்லை. ஆனால் இது நிரந்தரக் குறை அல்ல. சரியாகச் சேர்ந்த எலும்பு, சுமை பழகப் பழகத் தன்னைத் தானே தடித்துக்கொள்ளும். அடுத்த ஆறிலிருந்து எட்டு வாரம் நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தக் கேள்வி ஒரு லாப்ரடாரைப் பற்றியதாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். பொமரேனியன், டாய் பூடில், சிவாவா, மினியேச்சர் பின்ஷர் போன்ற சின்ன நாய்களின் முன்னங்கால் தனி ரகம். முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். எடையைப் பெரும்பாலும் தாங்குவது ரேடியஸ். இரண்டு கிலோ நாயில் அது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலம்தான், முன்பின்னாக அளந்தால் அதைவிடத் தட்டை. மணிக்கட்டுக்கு மேலே அந்த இடத்தில் சதையே கிடையாது. தோல், தசைநார், உடனே எலும்பு. உடைந்த எலும்புக்கு ஆரம்ப நாட்களில் ரத்தம் கொண்டுவருவது சுற்றியிருக்கிற சதைதான். அது இல்லாததால் ஒட்டுவது மந்தமாகிறது. எலும்புக்குள் ஓடும் ரத்தக் குழாய்களும் அந்த இடத்தில் பெரிய நாய்களைவிடச் சின்ன நாய்களில் குறைவு என்பதை 1997ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதனால்தான் இந்த நாய்களுக்கு வெறும் மாவுக்கட்டு போட்டால் பல சமயம் எலும்பு சேராமலே போய்விடுகிறது. பிளேட் போட்டது சரியான முடிவு. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

இப்போது ஓட்டைகள். ஒரு எலும்பில் துளை போட்டால் துளையின் அளவுக்கு மட்டும் பலம் குறைவதில்லை, அதைவிட அதிகமாகக் குறைகிறது. எலும்பை முறுக்கும்போது அந்த விசை துளையின் விளிம்பில் போய்க் குவிகிறது, விரிசல் அங்கிருந்து கிளம்புகிறது. 1970ல் நாயின் தொடை எலும்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு துளை போட்ட எலும்பு, முறுக்கி உடைக்கும்போது தாங்கிய ஆற்றல் பாதிக்கும் கீழே போனது. பிற்பாடு செம்மறி ஆட்டு எலும்பில் செய்த சோதனையில், எலும்பின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு துளை பெரிய பாதிப்பைக் காட்டவில்லை. ஐந்தில் ஒரு பங்கு துளையோ பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது. இதை உங்கள் நாயோடு பொருத்திப் பாருங்கள். இந்த எடைக்கு வழக்கமாகப் போடுவது 1.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. 5 மில்லிமீட்டர் எலும்பில் அதுவே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. லாப்ரடாரில் தாராளமாக இடம் விட்டு ஸ்க்ரூ போடலாம். இங்கே கையில் இருப்பதிலேயே சின்ன ஸ்க்ரூவும் எலும்புக்குப் பெரியதுதான்.

நல்ல செய்தி, ஓட்டை சீக்கிரம் ஆறிவிடும். 1972ல் முயல்களில் செய்த ஓர் ஆய்வு இதற்கு இன்றும் உதவுகிறது. ஸ்க்ரூ உள்ளே இருக்கும்போதே எட்டு வாரத்தில் எலும்பு அந்தத் துளைக்குப் பழகி, பலத்தை மீட்டுக்கொண்டது. ஸ்க்ரூவை எடுத்ததும் மறுபடி பலம் குறைந்தது. ஆனால் நான்கு வாரத்தில் அந்தக் குறை மறைந்துவிட்டது. முயலின் கணக்கு அப்படியே நாய்க்கு வராது. வளர்ந்த நாயில் எலும்பு இன்னும் மெதுவாக வேலை செய்யும். அதனால்தான் எங்களில் பலர் நான்கு வாரம் என்று நிறுத்தாமல் ஆறு, எட்டு வாரம் என்று சொல்கிறோம். இன்னொன்று: துளைக்குள் முதலில் நிரம்புவது ஒழுங்கில்லாத புது எலும்பு. பலத்துக்கு அது உதவ ஆரம்பித்த பிறகும் எக்ஸ்ரேயில் ஓட்டையின் நிழல் பல மாதம் தெரியும். மூன்று மாதம் கழித்துப் படத்தில் வட்டம் வட்டமாகத் தெரிகிறதே என்று பயப்படாதீர்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு ஓட்டைகளைவிடக் கவலை தருவது அந்த "மெலிந்து தெரிகிறது" என்கிற வார்த்தைதான். எலும்பு உயிருள்ள பொருள். சுமை ஏறினால் தடிக்கும், சுமை குறைந்தால் கரையும். யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892ல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். பிளேட் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. ஊன்றும் எடையைப் பிளேட்டே வாங்கிக்கொண்டால் அடியில் இருக்கும் எலும்புக்கு வேலை இல்லை. உடம்பு அதைக் குறைத்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெர்ரன் இதற்கு இன்னொரு காரணம் சொன்னார். ஆரம்ப மாதங்களில் பிளேட்டுக்கடியில் எலும்பு பஞ்சு போல ஆவதற்கு, பிளேட் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுப்பதுதான் முக்கியக் காரணம் என்றார். எலும்பைக் குறைவாகத் தொடுகிற பிளேட்கள் அந்தச் சிந்தனையிலிருந்து வந்தவை. எந்தக் காரணம் எவ்வளவு பங்கு என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. என் அனுபவத்தில் முதல் சில மாதம் ரத்தம், அதற்குப் பிறகு சுமை என்று இரண்டுமே நடக்கின்றன. எப்படியோ, முடிவு ஒன்றுதான்: டாய் வகை என்கிற இந்தச் சின்ன நாய்களில் எலும்பு மெலிவது அடிக்கடி பார்க்கிற விஷயம். பக்கத்தில் இருக்கும் அல்னா சில நாய்களில் நூல் போல ஆகி, சில இடத்தில் காணாமலே போய்விடும். உங்கள் படத்தில் அல்னா எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

மெலிவது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உருண்டையான ஒரு கம்பு வளையும்போது எவ்வளவு தாங்கும் என்பது அதன் குறுக்களவின் மூன்றாம் மடிப்பெருக்கைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டர் இருந்தது 4 மில்லிமீட்டர் ஆனால், கண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64, ஐந்தை மூன்று முறை பெருக்கினால் 125. பலம் பாதியாகிவிட்டது. எலும்பு சரியான உருண்டையும் இல்லை, கெட்டியான கம்பும் இல்லை, அதனால் இது தோராயம்தான். ஆனாலும், எக்ஸ்ரேயில் "லேசா மெலிஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னால் அது பலத்தில் லேசான விஷயம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அதோடு, சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறிய மாதிரி தெரியவே ஆரம்பிக்கும். படம் நன்றாக இருக்கிறது என்பது நம்பிக்கை தரும், உத்தரவாதம் தராது.

ஓட்டை வாரக் கணக்கில் ஆறும், மெலிவு மாதக் கணக்கில் சரியாகும். அந்தத் தடிப்பு திரும்பி வர ஒரே வழி, எலும்புக்கு அளவான சுமை கொடுப்பது. இதில் வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு இரண்டு திசையிலும் இருக்கிறது. ஒரு பக்கம், வலி இல்லாமல் ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். பிளேட் எடுத்த இரண்டாவது வாரத்தில் நாய் பார்க்க அருமையாக இருக்கும், தையல் ஆறியிருக்கும், வீக்கம் போயிருக்கும். எலும்பு மிகப் பலவீனமாக இருக்கும் நேரமும் அதுதான். மறுபக்கம், பயந்துபோய் இரண்டு மாதம் மடியிலும் கூடையிலுமே வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் எலும்புக்குச் சுமையே கிடைக்காது, மெலிந்தது மெலிந்தபடியே இருக்கும், தசையும் கரைந்துவிடும். நடை வேண்டும், குதிப்பு கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

நான் என் நோயாளிகளுக்குச் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள், அவர் எலும்பை நேரில் பார்த்தவர். முதல் இரண்டு வாரம் கயிற்றில் பிடித்தபடி, வீட்டுக்குள்ளேயோ வாசலிலோ ஐந்து நிமிட நடை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. நடக்கிற வேகம் மட்டும், துள்ளல் கூடாது. எலும்பு ரொம்ப மெலிந்திருந்தால் இந்த நாட்களில் லேசான ஸ்ப்ளிண்ட் (காலை அசையாமல் பிடிக்கும் பட்டை) வைத்துக் கட்டுவோம். ஆனால் அதையும் நீட்டிக்கொண்டே போகக் கூடாது, கட்டும் பிளேட்டைப் போலவே சுமையைத் தடுக்கும். டாய் நாய்களின் மெல்லிய தோலில் சீக்கிரம் புண்ணும் வந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து நடையைப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கூட்டலாம். ஆறு வாரம் முடிந்து எக்ஸ்ரே எடுத்து, ஓட்டைகளின் விளிம்பு மங்கியிருந்து, மெலிந்த இடம் தடித்திருந்தால், மெதுவான ஓட்டத்துக்கு விடலாம். மெலிவு அதிகமாக இருந்தால் நான் மூன்று மாதம் வரைகூடக் கட்டுப்பாட்டை நீட்டியிருக்கிறேன். எல்லா நாய்க்கும் பொருந்துகிற ஒரு தேதி கிடையாது, படத்தைப் பார்த்துத்தான் அடுத்த படி.

வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மறுமுறிவு பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. நம் வீடுகளில் பளபளவென்று டைல்ஸ், கிரானைட். அதில் நாயின் கால் பக்கவாட்டில் வழுக்கும்போது எலும்பு முறுக்கப்படுகிறது, துளையுள்ள எலும்பு சற்றும் தாங்காதது முறுக்கைத்தான். நாய் நடமாடுகிற பாதையில் மட்டும் பழைய பாய், கோணிச் சாக்கு, ரப்பர் விரிப்பு எதையாவது விரித்துவிடுங்கள். பாதத்துக்கடியில் வளர்ந்திருக்கும் முடியை வெட்டி, நகத்தையும் குறையுங்கள். சோபாவையும் கட்டிலையும் இரண்டு மாதத்துக்கு எட்டாதபடி செய்யுங்கள். நீங்கள் தூக்கி வைத்தாலும் இறங்கும்போது அது தானாகக் குதிக்கும். குழந்தைகள் கையில் தூக்கி வைத்திருக்கும்போது நழுவி விழுவது இன்னும் மோசம். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். பல வருடம் முன்பு நான் பிளேட் எடுத்த ஒரு பொமரேனியன், மூன்றாவது வாரம் பரிசோதனைக்கு வரும் வழியில், தெரு நாயைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரிலிருந்து குதித்தது. மேல்பக்கத்துக் கடைசி ஸ்க்ரூ ஓட்டையில் எலும்பு உடைந்தது. மறுபடி பிளேட் போட்டோம், சேர்ந்தது, ஆனால் நான்கு மாதம் போனது. எப்படிக் கூட்டிவர வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தீபாவளி நெருங்குகிற சமயமாக இருந்தால் வெடிச் சத்தத்துக்கு முன்பே ஜன்னல் மூடிய அறை ஒன்றைத் தயார் செய்து வையுங்கள். பயத்தில் நாய் எங்கிருந்தும் குதிக்கும்.

கால்சியம் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கம்பெனி நாய் உணவை, வயதுக்கு ஏற்றதாக, போதுமான அளவு சாப்பிடுகிறது என்றால் கூடுதல் கால்சியம் வேண்டாம். எலும்பு மெலிந்தது கால்சியம் பற்றாமல் அல்ல, வேலை இல்லாமல். ஆனால் சோறும் கோழியும் மட்டும், அல்லது தயிர்சாதம் மட்டும் என்றால் கதை வேறு. நாய்க்கு உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ இருக்க வேண்டும். எலும்பு நீக்கிய வெறும் இறைச்சியிலோ பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். அந்தப் பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்துதான் எடுத்து ஈடுகட்டும். அப்படிப்பட்ட உணவு என்றால் டாக்டரிடம் சொல்லி உணவையே மாற்றுங்கள், சிரப்பை மட்டும் மேலே ஊற்றுவது தீர்வாகாது. காலை வெயிலில் நிறுத்தினால் வைட்டமின் டி கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். மனிதர்களுக்குச் சரி, நாயின் தோல் வெயிலில் போதுமான வைட்டமின் டி செய்யாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். நமக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை நாய்க்குக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். 2.4 கிலோ நாய்க்கு அது விஷ அளவு, சிறுநீரகம் போய்விடும். வீட்டில் இருக்கும் டைக்ளோபெனாக், இபுப்ரோபென் மாத்திரைகளும் அப்படியே, துண்டு உடைத்துக்கூடக் கொடுக்கக் கூடாது.

சரி, எடுக்கச் சொன்னது தப்பா? பிளேட்டை எல்லா நாய்க்கும் எடுக்க வேண்டும் என்று விதி இல்லை. தொந்தரவு இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க விட்டுவிடுகிற மருத்துவர்கள் ஏராளம், நானும் பல நாய்களுக்கு விட்டிருக்கிறேன். சீழ், ஸ்க்ரூ தளர்வு, தோலுக்கடியில் உறுத்தி நக்கிக்கொண்டே இருப்பது, வளரும் குட்டி, இவையெல்லாம் இருந்தால் எடுப்போம். கூடவே, படத்துக்குப் படம் எலும்பு மெலிந்துகொண்டே போவதும் எடுப்பதற்கு நல்ல காரணம். பிளேட் அங்கேயே இருந்தால் மெலிவு தொடரும், கடைசியில் பிளேட்டின் முனையில் எலும்பு உடையலாம். சில மருத்துவர்கள் முதலில் சில ஸ்க்ரூக்களை மட்டும் எடுத்து, எலும்புக்குக் கொஞ்சம் சுமை பழக்கி, சில வாரம் கழித்துப் பிளேட்டை எடுப்பார்கள். மெலிவு கடுமையாக இருந்தால் எனக்கும் அந்த முறை பிடிக்கும். ஆனால் இரண்டு முறை மயக்க மருந்து, இரண்டு செலவு. ஒரே தடவையில் எடுத்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். காலத்தைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்க்கு 5 முதல் 14 மாதத்துக்குள் எடுக்கலாம் என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு. உங்கள் பத்து மாதம் அதற்குள்தான் வருகிறது. மனிதர்களின் முன்கையில் பிளேட் எடுத்த பிறகு மறுமுறிவு 4 முதல் 25 சதவீதம் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. இணையத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு உங்கள் நாய்க்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள். அதில் பெரிய ஸ்க்ரூ போட்டவர்கள், சீக்கிரம் எடுத்தவர்கள், பல துண்டாக உடைந்தவர்கள் எல்லாம் கலந்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டீர்கள், ஆனால் எலும்பு சேர்ந்ததைப் பார்த்துவிட்டு எடுத்தவர் டாக்டர். நீங்கள் தப்பு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று மிச்சம். நன்றாக ஊன்றிக்கொண்டிருந்த நாய் திடீரென்று காலைத் தூக்கினால், ஒரு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே படம் எடுங்கள். உடையாமல் விரிசல் மட்டும் விட்டிருந்தால் அந்த நேரத்தில் கட்டோடு காப்பாற்றிவிட வாய்ப்பு இருக்கிறது, இரண்டு நாள் நடக்கவிட்டால் அது முழு முறிவாகிவிடலாம். தையல் பக்கம் சூடு, நீர் கசிவு, புதிதாக வீக்கம் இருந்தாலும் அப்படியே. அடுத்த எக்ஸ்ரே எடுக்கும்போது பழைய படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு படமும் ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டிருந்தால்தான் எலும்பு தடிக்கிறதா இல்லையா என்று ஒப்பிட முடியும். முடிந்தால் ஊனமில்லாத வலது காலையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் நாயின் எலும்பு எந்தத் தடிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கால்தான் காட்டும். முன்பக்கமாகவும் பக்கவாட்டாகவும் எடுத்த படங்களை இங்கே போட்டால் பார்த்து எழுதுகிறேன்.